சொந்தக் காசில் நாவல் போடப் போகிறவர்களுக்கு, செட்டிநாட்டுப் பக்கமிருந்து

"நாவலை முடித்துவிட்டேன், பதிப்பகங்களுக்கு அனுப்பி ஆறு மாதம் ஆயிற்று, பதிலே இல்லை. நானே போட்டுவிடலாமா?" காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். போடலாம். நான் இரண்டு நாவல்களை அப்படித்தான் போட்டேன். 2019இல் முதல் நாவலை 500 பிரதி அச்சடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். 2022இல் இரண்டாவதை 100 பிரதியும் மின்னூலுமாகப் போட்டேன், அது பரவாயில்லாமல் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் புத்தகம் வந்து எட்டு மாதம் இருக்கும். எங்கள் ஐயாவுக்கு அப்போது தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது, இளவயதில் மலேயாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை அடிச்சே ஆத்தா? எத்தனை வித்துச்சு? எத்தனை கையில இருக்கு? வெளிய எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார். நாலு கேள்வியில் முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. அவர் திட்டவில்லை, "ஒரு நோட்டு வாங்கிட்டு வா" என்றார். அன்றைக்கு ராத்திரி வீட்டின் இரண்டாம் கட்டில் அடுக்கியிருந்த புத்தகக் கட்டுகளை எல்லாம் பிரித்து எண்ணி, யார் யாருக்குக் கொடுத்தேன் என்று யோசித்து யோசித்து எழுதி, அப்படியும் 38 பிரதிக்குக் கணக்குச் சேரவில்லை. இன்றுவரை சேரவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது அந்த நோட்டு. கதை எழுதும்போது நீங்கள் எழுத்தாளர், கடைசி வரியை எழுதி முடித்த மறுநாளிலிருந்து பதிப்பாளர். அது தனித் தொழில், அதற்கென்று தனிப் புத்தி வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தொழில் புதிதும் கிடையாது. சக்தி காரியாலயம் நடத்திய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர், தமிழ்ப்பண்ணை சின்ன அண்ணாமலையும் வானதி திருநாவுக்கரசும் தேவகோட்டைக்காரர்கள். காகிதம் வாங்குவது, அச்சகத்தில் தவம் கிடப்பது, ஊர் ஊராகக் கடைக்காரரிடம் பாக்கி கேட்பது என்று அவர்களும் அவர்களுடைய ஆட்களும் சேர்ந்து செய்த வேலை அத்தனையையும் நாம் ஒற்றை ஆளாகச் செய்யப் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எதற்காகப் போடுகிறீர்கள்

இதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். நிறையப் பேர் படிக்க வேண்டுமா, பணம் வர வேண்டுமா, விமர்சகர்களும் இலக்கிய வட்டமும் கவனிக்க வேண்டுமா, இல்லை அப்பச்சி ஆத்தா (அப்பா அம்மா) கண்ணில் பட ஒரு புத்தகம் கையில் இருந்தால் போதுமா? நாலும் நியாயமான ஆசைகள்தான், ஆனால் நாலுக்கும் வழி வேறு வேறு. குடும்பக் கதை, காதல் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு மின்னூலும் பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளங்களும் அச்சை விட எவ்வளவோ மேல், வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அடுத்த அத்தியாயம் எப்போது என்று அவர்களே கேட்கிறார்கள். இலக்கிய வட்டம் கவனிக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்து, ஒரு நல்ல பதிப்பகத்தின் வழியாக வருவதுதான் இன்றைக்கும் சுலபமான பாதை, ஏனென்றால் மதிப்புரை எழுதுகிறவர் பதிப்பகத்தின் பெயரையும் பார்த்துத்தான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். இது எனக்குப் பிடித்த நிலைமை கிடையாது, ஆனால் உண்மை இதுதான். வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் போதும் என்றால் 50 பிரதி அடித்தால் தாராளம்.

பதிப்பகம் வழியாக வந்தால் வழக்கமாக விலையில் 10 சதவீதம் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாக உரிமைத்தொகை பேசுவார்கள். 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு 25 ரூபாய். சொந்தமாகப் போட்டால் மீதி 225ம் நமக்குத்தானே என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் இறங்குகிறார்கள், நானும் அப்படித்தான் இறங்கினேன்.

அந்த 225 எங்கே போகிறது

என் முதல் நாவலின் கணக்கை அப்படியே தருகிறேன். விலைவாசி மாறியிருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

டெமி அளவு, 224 பக்கம். அச்சகத்தில் பக்கக் கணக்கு பேச மாட்டார்கள், பாரம் என்பார்கள், 16 பக்கம் ஒரு பாரம், ஆக 14 பாரம். உங்கள் புத்தகம் 226 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் கூடும், அதனால் வடிவமைக்கிறவரிடம் பாரத்தில் வந்து முடியும்படி செய்யச் சொல்லுங்கள். 500 பிரதிக்கு அச்சு, காகிதம், அட்டை, கட்டுமானம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டைப் படம் மூன்றும் சேர்ந்து 20,000. மொத்தம் 65,000, பிரதிக்கு 130 விழுந்தது. விலை 250 வைத்தேன்.

கடைக்காரரும் விநியோகஸ்தரும் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். 40 போனால் கைக்கு 150. அப்படி வருகிற பணத்தில் 65,000 ரூபாயை எடுக்க 434 பிரதி விற்க வேண்டும். நான் அன்பளிப்பாகக் கொடுத்ததே 60 இருக்கும், ஆகக் கையில் நின்ற 440இல் 434 விற்றால்தான் போட்ட முதல் திரும்பும், லாபம் என்று சொல்ல ஆறு புத்தகம்! லாரி வாடகை, தபால் செலவு இதில் சேரவே இல்லை. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் 500 என்ற எண்ணே என் வாயில் வந்திருக்காது.

"500 அடித்தால் பிரதிக்கு 90 ரூபாய், 100 அடித்தால் 150 ஆகும், எதற்கு வீணாக" என்று அச்சகத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் 100 பிரதிக்கு நீங்கள் கொடுக்கப் போவது 15,000, அங்கே 45,000. முதல் நாவலுக்கு எத்தனை வாசகர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாதபோது, பிரதிக்கு 60 ரூபாய் கூடக் கொடுத்து 30,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தேவைக்கேற்ற அச்சு என்று 20, 30 பிரதிகூட அடித்துக்கொடுக்கிற அச்சகங்கள் இப்போது இருக்கின்றன. 100ம் விற்றாலும் ஆரம்பச் செலவு முழுக்கத் திரும்பாது, 250 ரூபாய் விலையில் நேரடியாக விற்றால் 10,000, எல்லாம் 40 சதவீதக் கழிவில் போனால் 20,000 நட்டம் நிற்கும், அதைத் தெரிந்தே செய்யுங்கள். மெய்ப்பும் வடிவமைப்பும் ஒரு தடவைச் செலவு, அடுத்த 100 அடிக்கும்போது அது இருக்காது.

கடன் வாங்கியோ நகையை வைத்தோ நாவல் போடாதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் என்கிற தொகை எதுவோ அதற்குள் நில்லுங்கள்.

செலவழிக்க வேண்டிய முதல் இடம்

கையில் இருப்பது 20,000 ரூபாய்தான் என்றால் அதில் பெரும்பங்கு செம்மையாக்கத்துக்குப் போகட்டும், அட்டைக்கு அடுத்தது, அச்சுக்குக் கடைசியில். செம்மையாக்கம் வேறு, மெய்ப்பு வேறு. மெய்ப்புப் பார்க்கிறவர் எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, விட்டுப்போன வார்த்தை பார்ப்பார். செம்மையாக்குகிறவர்தான் "நாலாவது அத்தியாயத்தில் செத்துப்போன பெரியப்பா பதினோராவதில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாரே" என்று கேட்பார், "முதல் முப்பது பக்கம் தேவையில்லை" என்று சொல்கிற தைரியமும் அவருக்குத்தான் இருக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் குறைவு. கிடைக்காவிட்டால் மூன்று வாசகரைப் பிடியுங்கள், ஒருவர் நம் பக்கத்து ஆள், ஒருவர் கோயம்புத்தூரோ நாகர்கோவிலோ நம் ஊரே தெரியாத ஆள், மூன்றாமவர் கதை எழுதாத, படிக்க மட்டும் செய்கிற ஆள். படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்கிறவரிடம், எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

வெளியூர் ஆள் ஏன் என்றால், நம் பேச்சு. என் முதல் நாவலை மெய்ப்புக்கு அனுப்பியபோது நான் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவர் வேலையில் கெட்டிக்காரர், வெளி மாவட்டத்துக்காரர். "வளவு" (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) என்று நான் எழுதியிருந்த இடம் எல்லாவற்றிலும் "வளைவு" என்று திருத்தி அனுப்பினார். வளவில் உட்கார்ந்து ஆச்சிமார் அரிசி புடைத்தது போய், வளைவில் உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள். அது பிழை என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் "ஆயா". நமக்கு அம்மாவைப் பெற்றவள், வெளியே நிறையப் பேருக்கு வீட்டு வேலைக்கு வைத்த பெண். "ஆயா மடியில் படுத்து அழுதேன்" என்கிற வரியைப் படித்த சென்னைத் தோழி ஒருத்தி, கதாநாயகியை வேலைக்காரப் பெண்தான் வளர்த்தாள் என்று நினைத்துக்கொண்டு கடைசி அத்தியாயம்வரை போயிருக்கிறாள்.

அதனால் ஒரு சொல்பட்டியல் தயார் செய்து கைப்பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். முகப்பு, வளவு, பட்டாலை, அப்பச்சி, ஆயா, இசைகுடிமானம் (கல்யாணப் பதிவோலை), சாமான் பரப்புவது (சீர்ப் பொருள்களை அடுக்கிக் காட்டுவது) என்று எதெல்லாம் மாற்றக் கூடாதோ அதெல்லாம் அதில் இருக்கட்டும். வாசகருக்கு அடிக்குறிப்பு போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, கதை ஓட்டம் தடைப்படும். முதல் தடவை வரும்போதே அது என்னவென்று காட்சியில் தெரிந்துவிட வேண்டும், "ஆத்தாவுக்கு ஆத்தா, எங்கள் ஆயா" என்று ஒரு தடவை வந்தால் போதும். சொந்தப் பதிப்பில் கிடைக்கிற பெரிய சுகமே இங்கேதான் இருக்கிறது. நம் பேச்சை யாரும் பொதுத்தமிழாக மாற்றச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாற்றச் சொல்ல ஆள் இல்லாததால், புரியாமல் போனால் அதற்கும் நாமேதான் பொறுப்பு.

இன்னொன்று, விலாசம், அதாவது வீட்டு முன்னோர் பெயர்களின் முன்னெழுத்துகள். நம் பக்கத்துக் கதையில் ஒரு வீட்டுக்கு விலாசம் வைக்காமல் எழுத முடியாது, நாலு முன்னெழுத்து சேர்த்தால் ஒரு வீடு வந்துவிடும். நீங்கள் கற்பனையாக வைத்த விலாசம் ஏதோ ஓர் ஊரில் உண்மையாகவே இருக்கலாம், அந்த வீட்டில் உங்கள் கதையில் வருவது போலவே ஒரு சொத்துத் தகராறும் இருக்கலாம். பதிப்பகம் என்றால் வெளியிடுவதற்கு முன் யாராவது ஒருவர் யோசிப்பார், இங்கே அவதூறு வழக்கென்று வந்தால் எழுதியவரும் பதிப்பித்தவரும் நீங்கள் ஒருவரே. ஊர், கோவில் (குலப்பிரிவு), விலாசம் மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காதபடி ஏதாவது இரண்டை மாற்றிவிடுங்கள், தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அந்த விலாசத்தில் வீடு இருக்கிறதா என்று கேட்டும் பாருங்கள்.

எழுத்துரு, வடிவமைப்பு, அட்டை

கைப்பிரதியை யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு மாற்றினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" உட்கார்ந்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும், மின்னூலில் தேடும்போதுதான் வெளியே வரும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது, மாற்றிய பிறகு முழுதையும் ஒரு தடவை படியுங்கள். வாணி, நாவி போன்ற திருத்திகளில் ஓட்டினால் ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி பிடிபடும், ஆனால் அவை காட்டுகிற எல்லாவற்றையும் ஏற்காதீர்கள், அவற்றுக்கும் வளவு தெரியாது.

உள்பக்கத்துக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இளமஞ்சள் தாள், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் போதும். மொத்த அச்சுக்கு முன்னால் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்கிக் கையில் வைத்துப் படியுங்கள். திரையில் பார்த்துவிட்டேன் என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

அட்டையில் செதுக்கு நிலைக்கதவும் தேக்குத் தூணும் வைக்க ஆசை வரும். நம் பக்கத்துப் புத்தகங்கள் பாதிக்கு மேல் அதே கதவோடுதான் வருகின்றன, கடையில் வரிசையாக வைத்தால் எது எது என்று தெரியாது. கதவுதான் வேண்டும் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் படம் எடுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள், எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு.

மின்னூல்

அமேசானின் சொந்தப் பதிப்புத் தளமான கேடிபியில் தமிழ் மின்னூலை யாரும் ஏற்றலாம், கட்டணம் இல்லை. கணக்குத் தொடங்க வங்கி விவரமும் பான் எண்ணும் வேண்டும். வரி விவரம் கேட்கும் படிவத்தை அவசரத்தில் தாண்டாதீர்கள். அமெரிக்காவில் விற்கிற பிரதிகளின் உரிமைத்தொகையில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் எண்ணைக் கொடுத்து இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 ஆகும். நம் வாசகர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எவ்வளவு பேர் என்று யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை.

உரிமைத்தொகை 35 அல்லது 70 சதவீதம். 150 ரூபாய் மின்னூலுக்கு 52 ரூபாய்ச் சொச்சமோ 105 ரூபாயோ வரும், 70 எடுத்தால் கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சின்னத் தொகை அதிலிருந்து கழியும். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்கிற திட்டத்தில் சேர வேண்டும், சிக்கல் அங்கேதான். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியில் தொடராக வந்திருந்தால் எடுத்துவிட வேண்டும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட 10 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது. பதிலுக்குக் கிண்டில் அன்லிமிடெட் என்கிற சந்தா வாசிப்புத் திட்டத்தில் வாசகர் புரட்டுகிற பக்கத்துக்குக் காசு வரும், 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகவும் கொடுக்கலாம். ஒரு மாத விற்பனைக்கான பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும்.

நான் என்ன செய்தேன் என்றால், இரண்டாவது நாவலைப் பிரதிலிபியில் வாரம் ஒரு அத்தியாயமாகப் போட்டு, வாசகர் எங்கே விலகுகிறார்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்து, முடிந்ததும் இறக்கிவிட்டுத் திருத்தி எழுதி, பிறகு செலக்டில் சேர்த்தேன். இறக்கும்போது சில வாசகர்கள் வருத்தப்பட்டார்கள், அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தேன். பணத்தை விட வாசகர் முக்கியம் என்றால் இறக்காமல் 35 சதவீதத்திலேயே எல்லா இடத்திலும் வைக்கலாம், அதுவும் நல்ல முடிவுதான்.

தேடுசொல் போட ஏழு பெட்டி இருக்கும், சிலவற்றில் தலைப்பையும் ஊர்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் போடுங்கள். தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிறவர்களும் நிறையப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அப்புறம், வெளியான சில வாரத்தில் யாரோ ஒருவர் பிடிஎஃப் ஆக்கி ஏதாவது ஒரு குழுவில் போட்டுவிடுவார். எனக்கு நடந்தது, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புகார் கொடுத்தால் எடுப்பார்கள், மறுபடி எங்கோ வரும். மாதம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள், தினமும் தேடினால் அடுத்த கதையை எழுத மனம் இருக்காது.

பணம் வாங்கிக்கொண்டு போட்டுத்தருகிறவர்கள்

"கைப்பிரதியைக் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தொகுப்புக் கட்டணம் சொல்கிற நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன. நேரமில்லாதவர்களுக்கு, கணினி பழக்கம் இல்லாதவர்களுக்கு அது உதவிதான், காசு கொடுத்து வேலை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். பக்க வடிவமைப்புக் கோப்பும் அட்டைக் கோப்பும் திறந்து திருத்தக்கூடிய வடிவில் என் கைக்கு வருமா? ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்) யார் பெயரில்? விற்ற கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எழுத்தில் வருமா? வேண்டாம் என்று விலகினால் எத்தனை நாளில்? உரிமையில் எதை, எத்தனை ஆண்டுக்கு எழுதிக்கொடுக்கிறேன்? எனக்குத் தெரிந்த ஒருவர் இதில் முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டதால், இரண்டாம் பதிப்புக்கு மறுபடியும் முழுப் புத்தகத்தையும் வடிவமைக்கக் காசு கொடுத்தார்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "அனைத்து உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அந்த இடத்திலேயே பேனாவை மூடுங்கள். சினிமா, ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றும் தனித்தனி உரிமைகள், அச்சு போட்டுக்கொடுக்கிறவருக்கு அவை எதற்கு?

பதிப்புரிமை எழுதியவுடனே உங்களுக்கு வந்துவிடும், உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 ஆண்டு. பதிவு கட்டாயம் இல்லை. பின்னால் தகராறு வந்தால் சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்தால் 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே பதியலாம்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். நாளாகும், அதனால் கடைசித் திருத்தத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கிண்டில் மின்னூலுக்கு அது தேவையில்லை, அமேசான் தன்னுடைய எண் ஒன்றைக் கொடுத்துவிடும்.

விற்பது

வெளியீட்டு விழாவுக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். நம் பக்கம் மணிவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் புத்தகம் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, பெரும்பாலும் துதிப்பாடல் தொகுப்பு, குடும்ப மலர். உங்கள் சொந்தக்காரர் யாராவது தாம்பூலப் பையில் போட 100 பிரதி மொத்தமாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அச்சுச் செலவு அன்றைக்கே வந்துவிடும். ஆனால் அந்த நூறையும் நூறு வாசகர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் நோட்டில் "போனது" என்று ஒரு பத்தி, "படித்தது தெரிந்தது" என்று ஒரு பத்தி தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

கடையில் விற்றபின் பணம் என்றுதான் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து ஐந்தாகக் கொடுங்கள், தேதி, எண்ணிக்கை, கழிவு சதவீதம் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கி, மூன்று மாதத்தில் போய்ப் பாருங்கள். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள், வெயிலில் அட்டை வெளுத்த புத்தகம் யாருக்கும் உதவாது. எனக்குத் தபாலில் விற்றதுதான் அதிகம், முழுப்பணமும் முன்கூட்டி வருகிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. புத்தகத்தை உறையோடு தபால் நிலையத்தில் ஒரு தடவை எடைபோட்டுச் செலவு தெரிந்துகொண்ட பிறகே விலையை அறிவியுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, பழைய கட்டணக் கணக்கு இப்போது ஒத்துவராது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, இடையில் மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள். ஒற்றைப் புத்தகத்துக்குத் தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது, தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் பிரதி வைக்கக் கேளுங்கள். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, வந்தால் நல்லது, விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி 500 அடித்துவிடாதீர்கள். எப்போது வரும், பணம் எப்போது வரும் என்று உங்கள் கையில் இல்லாத ஒன்று அது.

வீட்டில் இருக்கிற கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதானே, சுத்தமாக இருக்கிறதே என்று நான் வைத்தேன், ஐப்பசி மழையில் அடியில் இருந்த இரண்டு கட்டு ஈரம் ஏறி அலை அலையாக வளைந்துவிட்டது. பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, மாதம் ஒரு தடவை கரையான் பார்த்து வையுங்கள்.

அனுப்ப வேண்டிய பிரதிகள்

பலருக்கும் இது தெரிவதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் புத்தகம் பதிப்பிக்கிற எவரும் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பு என்றால் அந்தப் பதிப்பாளர் நீங்கள். நாலு பிரதியை அச்சடித்த அன்றே எடுத்துத் தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள், அனுப்பிய தபால் சீட்டை நோட்டில் ஒட்டுங்கள்.

ஐந்தாவதாக ஒன்றை எடுத்து வைக்கச் சொல்வேன், இது சட்டம் கேட்பது கிடையாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய நூல் சின்ன நூல் என்று பார்க்காமல், தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் முதற்கொண்டு தமிழில் அச்சானதை எல்லாம் ஊர் ஊராகத் தேடி வாங்கிக் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அது 1994இலிருந்து சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. யாரோ தன் காசில் அடித்து நாலு பேருக்குக் கொடுத்த மெல்லிய புத்தகங்களும் அங்கே இருப்பதால்தான் இன்றைக்கு அவை கிடைக்கின்றன. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு, உங்கள் நாவலில் ஒன்றை அங்கே அனுப்புங்கள். உள் அட்டையில் ஊர்ப் பெயரையும் அச்சடித்த ஆண்டையும் கையால் எழுதி அனுப்புங்கள், நோட்டிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: பிரதி ஒன்று, ரோஜா முத்தையா நூலகம், தேதி.